பயிற்சிப் புத்தகம் வெறுமையாக வந்தால்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இவ்விதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: நானும் என் கணவரும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்வதால், முதலாம் ஆண்டில் பயிலும் மகளின் புத்தகப்பையைத் திறந்து பார்க்க வெள்ளிக்கிழமை இரவில்தான் நேரம் கிடைக்கிறது. அன்று வகுப்பாசிரியை புலனத்தில் அனுப்பும் செய்தியில், “இவ்வாரம் ட, ப, ம எழுத்துகள், 20 வரை எண்கள், காந்தம்” என்று இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றரைப் பக்கம்கூட நிறையவில்லை. பக்கத்து வீட்டுப் பையனோ டியூசனில் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கிறான். எங்கள் பிள்ளை வாரம் முழுவதும் என்னதான் செய்கிறாள்?
— ஒரு தாயார், பாயான் லெப்பாஸ்

பதில்: அம்மா, பணியில் சேர்ந்த புதிதில் நானும் உங்களைப் போன்ற தாய்மாரின் மனம் குளிரும்படி புத்தகங்களை நிரப்பியவள்தான். கரும்பலகையில் பத்து வரி எழுதிப்போடுவேன். பிள்ளைகள் தலை நிமிராமல் பார்த்தெழுதுவார்கள். அவர்களில் முத்து முத்தாக எழுதக்கூடிய ஒரு மாணவனை ஒருநாள் அழைத்து, அவன் எழுதிய வரியையே வாசிக்கச் சொன்னேன். முதற்சொல்லைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. அத்தனை நாளும் அவன் எழுத்துகளைப் படமாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

முதலாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடம் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்னும் ஐந்து கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. இவற்றுள் எழுத்துப் பயிற்சி நடக்கும் வேளையில்தான் புத்தகத்தில் தடம் விழும். மற்ற வேளைகளில் பிள்ளை கதை கேட்கிறாள், படத்தைப் பார்த்துப் பேசுகிறாள், எழுத்தட்டைகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிறாள், செய்யுள் அடியைக் கைதட்டி ஒப்பிக்கிறாள். அரை மணி நேரம் கொண்ட ஒரு பாடவேளையில் இருபத்தைந்து பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்குப் புத்தகத்தில் சான்று கிடையாது.

உங்கள் ஆசிரியை குறிப்பிட்டுள்ள ‘20 வரை எண்கள்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் இது பெரும்பாலும் உறிஞ்சுகுழல்களையோ ஐஸ்கிரீம் குச்சிகளையோ பத்துப் பத்தாகக் கட்டுவதில் தொடங்கும். ஒரு கட்டும் நான்கு உதிரிக் குச்சிகளும் சேர்ந்தால் பதினான்கு. இங்கே தமிழ் நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி செய்கிறது. பதினான்கு என்னும் சொல்லில் பத்து முன்னே ஒலிக்கிறது, நான்கு பின்னே ஒலிக்கிறது; 14 என்று எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்தில் ‘போர்ட்டீன்’ என்றாலும் மலாயில் ‘எம்பாட் பெலாஸ்’ என்றாலும் நான்குதான் முதலில் காதில் விழுகிறது. அதனால் 14 என்று எழுத வேண்டிய இடத்தில் 41 என்று எழுதும் பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தமிழிலும் ஓரிடத்தில் கால் இடறும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறு என்னும் சொல்லில் நூறின் சாயல் இருப்பதால், பல பிள்ளைகள் அங்கே வந்ததும் திகைத்து நின்றுவிடுவார்கள். முதலாம் ஆண்டில் 100 வரை எண்ண வேண்டியிருப்பதால் அந்தத் தடுமாற்றம் உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வரும்; வரும்போது பதற வேண்டாம்.

காந்தப் பாடமும் அப்படித்தான். ஆணி, அழிப்பான், மர அடிக்கோல், தாள் செருகி, ரப்பர்ச் செருப்பு ஆகியவற்றை மேசையில் பரப்பி, எவை ஒட்டும், எவை ஒட்டா என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்கச் சொல்வோம்; பிறகு சோதித்துப் பார்க்கச் சொல்வோம். நான் எப்போதும் இரண்டு டின்களைக் கூடுதலாக வைப்பேன்: ஒன்று கெட்டிப்பால் டின், மற்றொன்று அலுமினியக் குளிர்பான டின். பால் டின்னில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டும், குளிர்பான டின்னில் ஒட்டாது. ‘இரண்டுமே டின்தானே, டீச்சர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் வெற்றி. உலோகம் என்றாலே காந்தம் ஈர்க்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்களே நம்மிடையே உண்டு.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவு புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘ஏன் எழுதவில்லை?’ என்று கேட்பதற்குப் பதிலாக, அந்தச் செய்தியையே கையில் வைத்துக்கொண்டு மகளைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சமையலறைக் கரண்டிகளை வைத்துப் பதினாறு காட்டட்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வரட்டும். ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளையும் புள்ளியையும் கொண்டு எத்தனை சொல் அமைக்க முடியும் என்று கேளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று அவள் சொல்லத் தொடங்கினால், அவள் வாரம் முழுவதும் என்ன செய்தாள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவன் எழுதியதை அவனால் வாசிக்க முடிகிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனின் அறிக்கையில் மதிப்பெண்ணும் இல்லை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் இல்லை. கணிதத்தில் நிலை 4, வாசிப்பில் நிலை 2 என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நிலை 2 என்றால் தேறவில்லை என்று பொருளா?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: ஐயா, முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019ஆம் ஆண்டிலிருந்து நிறுத்தப்பட்டு, ஆசிரியர் வகுப்பிலேயே கண்டறிந்து பதிவு செய்யும் வகுப்பறை மதிப்பீடு அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவு நிலைகள் ஆறு. முதல் நிலை அறிதல். இரண்டாம் நிலை அறிந்து புரிந்துகொள்ளுதல். மூன்றாம் நிலை அறிந்து, புரிந்து, செய்யவும் முடிதல். நான்கு முதல் ஆறு வரை, செய்வதை முறையாகவும் பாராட்டத்தக்க வகையிலும் பிறருக்கு எடுத்துக்காட்டாகவும் செய்வதைக் குறிக்கும்.

இதைப் பணத்தை வைத்து விளக்கினால் எளிதாகும். 50 சென் நாணயத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்கிறான் என்றால் அவன் அதை அறிந்திருக்கிறான். இரண்டு 50 சென் சேர்ந்தால் ஒரு ரிங்கிட் என்று சொன்னால் புரிந்துகொண்டிருக்கிறான். சிற்றுண்டிச்சாலையில் 1 ரிங்கிட் 20 சென்னுக்கு நாசி லெமாக் வாங்கி, 2 ரிங்கிட் கொடுத்து, மீதி 80 சென்னைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டால் அவனால் செய்ய முடிகிறது. (வகுப்பறைக் கடை விளையாட்டில் 1 சென் நாணயம் எங்கே என்று கேட்கும் பிள்ளையும் ஆண்டுக்கு ஒன்று வரும். ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறை 2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தபின் பிறந்த பிள்ளைகள், அந்த நாணயத்தைப் பாட்டியின் டப்பாவில்தான் பார்த்திருப்பார்கள்.)

எனவே உங்கள் மகன் எழுத்துகளை அறிந்திருக்கிறான், அவை சேர்ந்து சொல்லாவதையும் புரிந்துகொண்டிருக்கிறான். தானாக வாசிக்கும் ஓட்டம் இன்னும் வரவில்லை என்பதையே அந்த 2 தெரிவிக்கிறது. மூன்றாம் நிலையை எட்டிவிட்டால் அந்தத் திறனின் அடிப்படை கைவந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே பிள்ளை கணிதத்தில் ஒரு நிலையிலும் வாசிப்பில் வேறொரு நிலையிலும் இருப்பது முற்றிலும் இயல்பு. ஆனால் சில மாதங்கள் கழித்தும் வாசிப்பு அதே நிலையில் நின்றால், வகுப்பாசிரியரை நேரில் சந்தித்துக் குறைநீக்கல் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மந்தமான பிள்ளை என்று சொல்லி என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியாமல் இருந்தது.

கேள்வி: எனக்கு 72 வயது. எங்கள் காலத்தில் அகர வரிசையில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய்யெழுத்து என்று முறையாக ஒப்பித்தோம். என் பேத்திக்கு ‘ட’விலும் ‘ப’விலும் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளி தொடங்கி மூன்று மாதமாகியும் அவளுக்கு 247 எழுத்தும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நான் ‘லை’ எழுதிக் காட்டினால் ‘தாத்தா, தப்பு’ என்கிறாள்.
— ஒரு தாத்தா, பிறை

பதில்: ஐயா, கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது பிழையன்று. நீங்கள் பள்ளியில் கற்ற வடிவம் அது. ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கைபோல மேலே வளைத்து எழுதியதும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்து எழுதியதும் பழைய முறை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. இன்று நம் பாடநூல்களிலும் அந்தச் சீர்திருத்த வடிவமே உள்ளது. பேத்தியிடம் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டி, ‘இது தாத்தாவின் லை, இது உன் லை’ என்று சொல்லிப் பாருங்கள். அவள் அதைப் பள்ளியில் போய்ப் பெருமையாகச் சொல்லுவாள்.

இனி வரிசைக்கு வருவோம். அகர வரிசை எழுத்துகளை நினைவில் நிறுத்த உதவும் வரிசை; அகராதி பார்க்கவும் அது வேண்டும். ஆனால் புதிதாகப் பென்சில் பிடிக்கும் கைக்கு, முதலெழுத்தாகிய ‘அ’ எளிய எழுத்தன்று; ‘இ’யோ அதனினும் கடினம். ‘ட’ என்பதோ கீழிறங்கும் ஒரு கோடும் வலப்புறம் செல்லும் ஒரு கோடும்தான். அதனோடு மேலேறும் ஒரு கோட்டைச் சேர்த்தால் ‘ப’ ஆகிறது. இவ்வாறு வடிவம் ஒத்த எழுத்துகளைக் கூட்டாகக் கற்பித்தால் கை பழகுகிறது. ‘ம’வும் புள்ளியும் சேர்ந்த உடனே ‘படம்’ என்னும் முழுச்சொல்லும் கிடைத்துவிடுகிறது. தான் எழுதியதைத் தானே வாசிக்கும் அந்த மகிழ்ச்சியை எழுத்துகளின் பட்டியல் தராது. அதே வேளையில், ஒப்பிப்பது வீண் என்று பேசும் இளைய ஆசிரியர்களோடு நான் உடன்படுவதில்லை. க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொன்ன வாய்க்குக் குறிலும் நெடிலும் தாமாகவே பிடிபட்டுவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைதட்டிச் சொல்லவைத்தால் போதும்.

247 என்னும் எண்ணிக்கையைக் கண்டும் கலங்க வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் விளங்கிவிட்டால் 216 உயிர்மெய்யும் அவற்றின் சேர்க்கைதானே. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘கே’ என்று எழுதும்போது கண் முதலில் காண்பது கொம்பை. காது முதலில் கேட்பதோ ‘க்’ என்னும் ஒலியை. ‘கோ’வில் குறி இருபுறமும் நின்று எழுத்தை அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை இங்கே தயங்குவாள். இந்த இடத்தில் நீங்கள் வீட்டில் உதவலாம்: கை, பை, தை, பூ, தீ, வா, போ, தா என்னும் ஓரெழுத்துச் சொற்களை அட்டையில் எழுதி, ‘போ’ என்றால் அவள் போக வேண்டும், ‘வா’ என்றால் திரும்பி வர வேண்டும் என்று விளையாடுங்கள். இத்தகைய சொற்கள் 42 என்று இலக்கண நூலார் எண்ணிவைத்துள்ளனர். உங்கள் பேத்திக்குப் பத்து தெரிந்தாலே இப்போதைக்குத் தாராளம். பினாங்கில் 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதிலிருந்து இந்தக் கொம்போடு எத்தனை பிள்ளைகள் மல்லுக்கட்டியிருப்பார்களோ!

கேள்வி: வாரந்தோறும் முட்டை அட்டை, போத்தல் மூடி, பழைய நாளிதழ் என்று ஏதாவது கேட்டனுப்புகிறார்கள். இவை எதற்கு?
— ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பத்துக் குழி கொண்ட முட்டை அட்டையில் எட்டு மூடிகளை வைத்தால் பத்தை நிரப்ப இன்னும் இரண்டு வேண்டும் என்பதைப் பிள்ளை கண்ணால் காண்கிறது. நாளிதழ் காட்சிக் கலைப் பாடத்துக்குப் பயன்படும். எழுத்து தேடி வட்டமிடவும் பயன்படும். மூடிகளைக் கழுவி அனுப்புங்கள், எறும்பு வந்துவிடுகிறது.

கேள்வி: என் மகன் ஒரே வாரத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் எழுதப் படிக்கக் கற்கிறான். மலாய்ப் பாடத்தில் ஆங்கில ஒலியையும் ஆங்கிலப் பாடத்தில் மலாய் ஒலியையும் கலந்து வாசிக்கிறான். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசத் தொடங்கிவிடலாமா?
— ஒரு தாயார், ஜோர்ஜ் டவுன்

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் மகன் குழம்புவதற்குக் காரணம் தமிழன்று. ஒரே எழுத்துரு இரண்டு மொழிகளில் இரண்டு விதமாக ஒலிப்பதுதான். ‘சி’ (C) என்னும் ரோமன் எழுத்து, மலாயில் கோப்பையைக் குறிக்கும் ‘சாவான்’ என்னும் சொல்லில் ச ஒலியைத் தருகிறது. ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லிலோ க ஒலியைத் தருகிறது. ஏழு வயதுப் பிள்ளை இதில் தடுமாறாவிட்டால்தான் வியப்பு. வகுப்பில் நாங்கள் மலாய்ச் சொல்லட்டைகளுக்கு ஒரு நிறமும் ஆங்கிலச் சொல்லட்டைகளுக்கு வேறொரு நிறமும் பயன்படுத்துவோம். வீட்டிலும் அப்படியே செய்யலாம். நீங்கள் எந்த மொழியில் தடையின்றிக் கதை சொல்லுவீர்களோ, அந்த மொழியிலேயே அவனோடு பேசுங்கள். அது தமிழ் என்றால், அவனுக்கு ஒரு சிறிய வேட்டையையும் கொடுங்கள்: மலாய்ப் பாடநூலில் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்கட்டும். கப்பல் அங்கே ‘காப்பல்’ என்று மிதக்கும். கடை ‘கெடாய்’ என்று திறந்திருக்கும். கட்டில் ‘காத்தில்’ என்று கிடக்கும். மூன்றையும் கண்டுபிடித்த பிறகு நான்காவதைத் தேடிக்கொண்டு அவனே உங்களிடம் வருவான்.