கூலன்ட் டப்பாவில் இருப்பது எந்த கிளைக்கால்?

கேள்வி: காருக்குக் கூலன்ட் வாங்கினேன். டப்பாவில் 'மோனோ எத்திலீன் கிளைக்கால்' என்று போட்டிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் அதை ஈத்தேன்-1,2-டையால் என்கிறாள். இருமல் மருந்துச் செய்திகளில் அடிபட்ட டைஎத்திலீன் கிளைக்காலும் இதுதானா? அப்புறம், தண்ணீர் உறையவே உறையாத நம் ஊருக்கு ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதல் இரண்டும் ஒன்றேதான். மூன்றாவது வேறு பொருள், ஆனால் நெருங்கிய சொந்தம்.

1856-ல் பிரெஞ்சு வேதியியலாளர் அடோல்ஃப் வூர்ட்ஸ் உங்கள் டப்பாவில் உள்ள எத்திலீன் கிளைக்காலை முதலில் தயாரித்தார். சாராயத்தில் இருக்கும் எத்தில் ஆல்கஹாலில் ஒரு ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதி, கிளிசரினில் மூன்று. இவர் கையில் இருந்ததில் இரண்டு. குணத்திலும் நடுவில் நின்றது. கிளிசரினிலிருந்து முன்பாதியையும் ஆல்கஹாலிலிருந்து பின்பாதியையும் எடுத்து ஒட்டி, கிளைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார். கிளிசரின் என்ற பெயரே இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிளைக்காலும் இனிக்கத்தான் செய்யும், அதுதான் வம்பே.

முன்னால் நிற்கும் 'எத்திலீன்', அது எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. ஆலையில் எத்திலீன் வாயுவை எத்திலீன் ஆக்சைடாக்கி, அதோடு தண்ணீர் சேர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் செய்து முடித்த திரவத்தில் எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு கிடையாது, அதனால் பெயரை வைத்து அமைப்பை வரையப் போனால் மாணவர்கள் தடுமாறுவார்கள். உங்கள் மகள் சொன்ன பெயர் அந்த வகையில் நேர்மையானது: ஈத்தேன் என்றால் இரண்டு கார்பன், டையால் என்றால் இரண்டு ஓஹெச், 1,2 என்றால் கார்பனுக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வியாபாரத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பாலியஸ்டர் நூல் தொழிலில் இதே சரக்கு எம்.இ.ஜி., அதாவது மோனோ எத்திலீன் கிளைக்காலின் சுருக்கம்.

இப்போது குழப்பத்தின் மையத்துக்கு வருவோம். 'டையால்', 'டைஎத்திலீன்' இரண்டிலும் 'டை' வருகிறது, ஆனால் எண்ணுவது வேறு வேறு. டையாலில் எண்ணுவது ஓஹெச்சை. டைஎத்திலீன் கிளைக்காலில் எண்ணுவது எத்திலீன் துண்டுகளை: இரண்டு கிளைக்கால் மூலக்கூறுகள் ஒரு தண்ணீர் மூலக்கூறை விட்டுவிட்டு ஒரு ஆக்சிஜன் வழியாக இணைந்தால் கிடைப்பது அது. அதிலும் ஓஹெச் இரண்டுதான்! இந்த இரட்டையிலிருந்து பிரித்துக் காட்டத்தான் உங்கள் டப்பாவில் 'மோனோ' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்ட, காஞ்சிபுரம் மாவட்ட ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் தமிழக அரசின் ஆய்வகம் கண்டது இந்த டைஎத்திலீன் கிளைக்காலைத்தான், 48.6 சதவீதம். மருந்தில் கரைப்பானாக இருக்க வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கால். அது மூன்று கார்பன் உள்ள வேறு பொருள், மருந்துத் தரத்தில் பாதுகாப்பானது. 1937-ல் அமெரிக்காவில் இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்த சல்பா என்ற கிருமிக்கொல்லி மருந்து நூறு பேருக்கு மேல் கொன்று, அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. இத்தனை தெரிந்த பிறகும் ஒவ்வொரு கரைப்பான் பீப்பாயையும் சோதிக்காமல் உள்ளே விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கூலன்ட்டில் உள்ளதும் விஷமே. கல்லீரல் அதை உடைக்க உடைக்கக் கடைசியில் ஆக்சாலிக் அமிலம் வரும், அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைத்துக்கொள்ளும். தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், இனிப்புக்கு நாய் நக்கிவிடும். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

சரி, நம் ஊருக்கு எதற்கு? உறைநிலையைக் கீழே இறக்குகிற அதே சரக்கு கொதிநிலையை மேலே ஏற்றுகிறது. தண்ணீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி தாண்டியும் உறையாது, சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் கொதிநிலை இன்னும் ஏறும். கூடவே சேர்த்திருக்கும் துருத் தடுப்பான்கள் இன்ஜினைக் காக்கும், நமக்கு முக்கியம் அதுதான். அதற்காகக் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும், தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்கவும் செய்யாது. டப்பாவில் 'கான்சன்ட்ரேட்' என்று இருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலந்துகொள்ளுங்கள். 'ப்ரீமிக்ஸ்' என்றால் அப்படியே ஊற்றலாம்.