தேடும்போது மட்டும் பிழை ஏன் மறைந்துவிடுகிறது?

நிரலை டீபக்கரில், அதாவது நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் கருவியில், ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது, வெளியே விட்டால் பிழை வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு ஹைசன்பக் என்று பெயர். கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பெரும்பாலும் காரணம் நேரம்தான். நாம் நிறுத்திப் பார்க்கும்போது வேலைகள் நடக்கும் வரிசையே மாறிவிடுகிறது.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவை பதியும் செயலி எழுதினேன். சில நாட்களில் 18 கிலோ, 36 ஆகப் பதிவானது. சம்பளக் கணக்கு என்பதால் எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டு வைஃபையில் மூன்று வாரம் முயன்றும் ஒருதடவைகூட வரவில்லை.

அப்புறம் மலைக்கே போனேன். சரிவில் சிக்னல் தடுமாறும். பதில் வரத் தாமதமானதும் கணக்கப்பிள்ளையின் போன் அதே பதிவை மறுபடி அனுப்பியது. சர்வரில் முதல் கோரிக்கை சேமித்து முடிக்குமுன் இரண்டாவது வந்து "இந்தப் பதிவு இருக்கிறதா?" என்று பார்த்தது. இல்லை என்று தெரிந்ததும் இரண்டுமே எழுதிவிட்டன. டீபக்கரிலோ ஒவ்வொன்றாகத்தான் ஓடின.

நீங்களும் சேமிக்கும் நிரல் வரிக்கு முன் வேண்டுமென்றே இரண்டு விநாடி தாமதம் வையுங்கள், இந்த மாதிரி அரிய பிழை அடிக்கடி வரும். நான் ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே தனி எண் கொடுத்து, ஒரே எண் இருமுறை பதிவாகாதபடி டேட்டாபேஸிலேயே தடுத்தேன். சேமிக்குமுன் சோதிப்பது மட்டும் போதவே போதாது.