மலிவான தேதிக்கு மாற்றினால் மிச்சப் பணம் யாருக்கு?

கேள்வி: 10,000 கொடுத்து எடுத்த விமான டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றினேன். 'மாற்றக் கட்டணம் இல்லை' என்றுதான் போட்டிருந்தது. புதிய தேதியில் விலை 7,000தான். மீதி 3,000 வரவேயில்லை. கேட்டு வாங்க முடியுமா?

பதில்: தேதி மாற்ற அபராதம் கிடையாது; அந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம். கட்டண வித்தியாசம் தனிக் கணக்கு. விலை கூடினால் கறாராக வசூலிப்பார்கள். குறைந்தால், டிக்கெட்டின் விதிப்படி பணமாகத் திரும்பும், வவுச்சராக வரும், இல்லை அப்படியே போய்விடும். மலிவு டிக்கெட்டில் முழுப் பணமும் கார்டுக்குத் திரும்புவது அபூர்வம்.

மாற்றிய பின் வந்த மெயிலை முதலில் பாருங்கள். புதிய டிக்கெட் எண்ணைத் தவிர இன்னொரு 13 இலக்க எண் இருந்தால் அது வவுச்சராக இருக்கலாம். சீட்டுக்கோ லக்கேஜுக்கோ கட்டிய ரசீதும் இப்படித்தான் வரும் என்பதால் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வவுச்சர்தான் என்றால், காலாவதித் தேதிக்குள் டிக்கெட் எடுத்தால் போதுமா, பயணமே முடிய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலர் பணத்தை விடுவது இங்கேதான்.

எதுவும் இல்லையென்றால் கட்டண விதியின் 'பெனால்டீஸ்' பகுதியை, அதாவது மாற்றம், ரத்து பற்றிய விதிகளை, எழுத்தில் கேளுங்கள். ஏஜென்டுகள் பார்க்கும் திரையில் அது 16ஆம் பிரிவு. ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட்டுக்கு ரீஃபண்டும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் வரும். அவருடைய சர்வீஸ் சார்ஜ் திரும்பாது.

அந்த 7,000 எங்கே பார்த்த விலை என்பதும் முக்கியம். ரிட்டர்ன் டிக்கெட்டில் பயணம் தொடங்கும் முன் ஒரு பக்கத்தை மாற்றினாலும், பொதுவாக இரண்டு பக்கத்துக்கும் இன்றைய விலை போட்டுத்தான் கணக்கிடுவார்கள். போகும் பக்கம் 3,000 குறைந்து, திரும்பும் பக்கம் 3,000 ஏறியிருந்தால் வித்தியாசம் பூஜ்யம்.

அடுத்த முறை மாற்றும் முன் ரத்துக் கட்டணத்தையும் பாருங்கள். அது 2,000 என்றால், ரத்து செய்து 8,000 வாங்கி, 7,000க்குப் புதிதாக எடுத்தால் 1,000 கையில் நிற்கும். புதியதை முதலில் எடுங்கள், பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். நடுவில் விலை ஏறலாம். ஒரே பெயரில், ஒரே நாளில், ஒரே தடத்தில் இரண்டு டிக்கெட் இருந்தால் ஒன்றைத் தானாகவே ரத்து செய்யும் நிறுவனங்களும் உண்டு, கவனம்.

நேரத்தை விமான நிறுவனமே பெரிதாக மாற்றியதால் நீங்கள் தேதி மாற்ற நேர்ந்தால் கணக்கே வேறு. அப்போது முழு ரீஃபண்ட் கேட்க வழி உண்டா என்று தெரிந்துகொள்ளும்வரை, 'ஏற்கிறேன்' பட்டனை அழுத்த வேண்டாம்.