லாட்ஜ் சமையலறையில் கேஸ் சென்சார் எங்கே மாட்டுவது, ஒயரிங் எப்படிச் செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் அப்பா லாட்ஜ் நடத்துகிறார். தரைத்தளத்தில் தங்குபவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு பொதுச் சமையலறை இருக்கிறது. பின்புறம் நாலு 19 கிலோ சிலிண்டர், அங்கிருந்து பைப் வழியாக எட்டு அடுப்பு. அடுத்த மாதம் டைல்ஸ் மாற்றும்போதே கேஸ் சென்சாரும் வைக்க வேண்டும். எந்த மாதிரி வாங்குவது, எங்கே மாட்டுவது, ஒயர் எப்படி இழுப்பது?

இருபது வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் ராணிப்பேட்டைப் பக்கத்து ஆலைகளில், இப்போது வேலூரில் ஓட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம். என்ன வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடி பக்கம் ஒரு விடுதிக்கு வேறு ஒரு வேலையாகப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில் கேஸ் சென்சார் இருந்தது, வரவேற்பு மேசைக்குப் பின்னால் அதன் பேனல். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உரிமையாளர் பெருமையோடு சொன்னார்: "மாட்டி ரெண்டு வருசம் ஆவுதுண்ணே, ஒரு வாட்டி கூட கத்தல. நல்ல மிஷினு." அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. ரெண்டு வருடம் எண்ணெய்ப் புகை, கரப்பான் மருந்து, அணைந்துபோன அடுப்பு எல்லாவற்றையும் பார்த்த சென்சார் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லையா? பேனலைத் திறந்து சென்சாருக்குக் கரண்ட் போகும் ஒயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தேன். பூஜ்யம். ஒயரைப் பின்தொடர்ந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்று ஒயரையும் எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. செம்பு முனைகள் கறுத்துப் போயிருந்தன, அதாவது கடித்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. பச்சை விளக்கு பேனலுக்குக் கரண்ட் வருகிறது என்பதை மட்டும்தான் காட்டியது. கேஸ் வந்தால் சுவிட்ச் போட்டது போல ஒரு காண்டாக்ட் சேர்ந்து ஹூட்டர் (அலாரச் சங்கு) அடிக்கும், அவ்வளவுதான் அந்த ஒயரிங். ஒயர் அறுந்ததற்கும் கேஸ் இல்லாததற்கும் அந்தப் பேனலுக்கு வித்தியாசமே தெரியாது. மேலே மூன்று மாடியில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்த இடம் அது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "ஒயர் அறுந்தால் உன் பேனல் சொல்லுமா?" என்று கேளுங்கள். 4-20 மில்லிஆம்ப் சிக்னல் தரும் சென்சார் வாங்குங்கள். கேஸ் துளியும் இல்லாதபோதுகூட அதிலிருந்து 4 மில்லிஆம்ப் வந்துகொண்டே இருக்கும். முழு அளவுக்கு 20. நடுவில் எல்லாம் கணக்குப்படி: 20 சதவீதத்துக்கு 7.2, 40 சதவீதத்துக்கு 10.4. நாலுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் அறுந்திருக்கிறது அல்லது சென்சார் செத்துவிட்டது என்று பேனல் உடனே ஃபால்ட் காட்டும்.

அந்தச் சதவீதம் என்ன என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது. எல்பிஜி காற்றில் ஏறக்குறைய 1.8 சதவீதம் கலந்தால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த அளவுக்குத்தான் எல்ஈஎல் என்று பெயர், அதையே 100 என்று வைத்துக்கொண்டு சென்சார் அளக்கிறது. நான் முதல் எச்சரிக்கையை 10-லும், வால்வை மூடுவதை 20-லும் வைப்பேன். அதாவது ஆபத்து அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரும்போதே கேஸ் நின்றுவிடும்.

அடுத்தது இடம். எல்பிஜி என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒன்று காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மற்றது இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் பரவும். உங்கள் சமையலறை 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 6 கன மீட்டர். அதில் 1.8 சதவீதம் நிரம்ப ஏறக்குறைய கால் கிலோ கேஸ் போதும். 19 கிலோ சிலிண்டரில் கால் கிலோ குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் எல்பிஜிக்கு சென்சார் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்க வேண்டும். கூரையில் மாட்டியிருப்பதை நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன். புகை டிடெக்டர் மேலே இருப்பதால் இதுவும் அங்கேதான் என்று எலக்ட்ரீஷியன்கள் நினைத்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறினால் மட்டும் கூரையிலிருந்து ஓர் அடிக்குள் மாற்றுங்கள். அது மீத்தேன், காற்றைவிட லேசானது.

எட்டு அடுப்புக்கு இரண்டு சென்சார் வையுங்கள். ஒன்று அடுப்பு வரிசைக்கு அருகே, ஒன்றரை முதல் மூன்று மீட்டருக்குள். இன்னொன்று தரையின் தாழ்ந்த பக்கம், காற்று அசையாத மூலையில். மூலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கேஸை முழுக்க மூடி, கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, வழக்கம்போல ஃபேன் போட்டுவிட்டு ஊதுபத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துச் சுற்றி வாருங்கள். புகை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் கேஸும் நிற்கும். வாசலுக்கு எதிரேயும், எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பிலும் வைக்க வேண்டாம்.

தாழ்வாக வைத்தால் ஒரு கஷ்டம் வரும், அது வேலைக்காரர்கள் தரை கழுவும் விதம். பக்கெட்டோடு தண்ணீரை வீசி ஊற்றுவார்கள். சோப்புத் தண்ணீர் சென்சார் வாயில் காய்ந்து படிந்தால் கேஸ் உள்ளே போகாது. ஸ்பிளாஷ் கார்டு என்று ஒரு மூடி வரும், கட்டாயம் போடுங்கள். கழுவும் அம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லிக் காட்டுங்கள்.

சென்சார் வகையில், மலிவாக வரும் செமிகண்டக்டர் வகை உங்கள் லாட்ஜுக்குச் சரிப்படாது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் கடுகெண்ணெயைப் புகைய விட்டுத்தான் மீன் வறுப்பார்கள். அந்தப் புகைக்கும் ஸ்பிரிட் வாடைக்கும் மலிவான சென்சார் தினமும் கத்தும். பத்து நாள் கத்தினால் பதினோராம் நாள் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். கேட்டலிட்டிக் வகை வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம் கம்பிச் சுருள் பொதிந்த, பாசிமணி போன்ற ஒரு சிறு மணி சுமார் 500 டிகிரியில் சூடாக இருக்கும். கேஸ் அதன்மேல் எரிந்து சூடு கூடும்போது மின்தடை மாறும், அதைத்தான் அளக்கிறது. இதற்கு விஷம் சிலிக்கோன். டைல்ஸ் ஓரத்தில் அடைக்கும் சிலிக்கோன் சீலன்ட்டின் ஆவி பட்டால் மணி மெல்ல மெல்ல உணர்விழக்கும், வெளியே எதுவும் தெரியாது. எனவே டைல்ஸ், சீலன்ட், பெயின்ட் எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே சென்சார் மாட்ட வேண்டும்.

இன்ஃப்ராரெட் வகைக்கு இந்தத் தொந்தரவு இல்லை, விலை அதிகம்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆட்களும் இதைப் படிப்பீர்கள். தோல் ஷெட்டில் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரோடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். எல்பிஜி சென்சார் அதற்கு உதவாது. தனியாக எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, மூக்கே சொல்லிவிடுமே என்பார்கள். காற்றில் ஏறக்குறைய 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் விழ, தூக்கப் போன அண்ணனும் தம்பியும் விழுந்த கதையை நம் பக்கம் எத்தனை வீட்டில் கேட்டாகிவிட்டது. தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது, சென்சார் இருந்தாலும்.

சரி, ஒயரிங். மூன்று கோர், 1.5 ஸ்கொயர் எம்எம், ஷீல்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள ஆர்மர்டு கேபிள், அதாவது மேலே இரும்புக் கம்பிக் கவசம் உள்ளது. ஒன்று பிளஸ் 24 வோல்ட், ஒன்று சிக்னல், ஒன்று பூஜ்யம் வோல்ட் (மைனஸ்). உங்கள் கட்டடத்தில் 20, 30 மீட்டர்தான் வரும், வோல்டேஜ் இறங்கும் கவலை இல்லை. ஆர்மர் எலிக்காகவும்தான், மேலே சொன்னது நினைவிருக்கும். ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சென்சார் பக்கம் வெட்டி டேப் சுற்றி விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தால் அதிலேயே கரண்ட் சுற்றி ரீடிங் ஆடும். மோட்டார், கிரைண்டர் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்காதீர்கள். சென்சார் பெட்டியில் கேபிள் நுழையும் இடத்துக்கு, உள்ளே பற்றினாலும் தீ வெளியே வராத ஃப்ளேம்ப்ரூஃப் கிளாண்ட், பயன்படாத துளைக்கு ஃப்ளேம்ப்ரூஃப் பிளக். கிளாண்ட் இல்லாமல் ஒயரைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்தால் அந்தப் பெட்டியின் சான்றிதழுக்கு அர்த்தமே இல்லை.

பேனல் சமையலறைக்குள் கூடாது. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டு 24 வோல்ட் பேக்கப் கொடுங்கள்.

கத்துவது மட்டும் போதாது, கேஸ் தானாக நிற்க வேண்டும். சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் மேனிஃபோல்டிலிருந்து பைப் கட்டடத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே ஒரு சோலினாய்டு வால்வு. நார்மலி குளோஸ்டு வகை, கையால் ரீசெட் செய்வது. கரண்ட் இருந்தால்தான் திறந்திருக்கும். பேனலில் உள்ள ரிலேவும் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) எல்லாம் நன்றாக இருக்கும்போது கரண்ட் பெற்று இயங்கி, அதன் காண்டாக்ட் வழியாக வால்வுக்கு 24 வோல்ட் போக வேண்டும். கேஸ் வந்தாலும், ஃபால்ட் ஆனாலும், ஒயர் அறுந்தாலும், பேனலே செத்தாலும் வால்வு மூடும். பேட்டரி பேக்கப் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். இல்லையென்றால் கரண்ட் போகும்போதெல்லாம் அடுப்பு அணைந்து, கோபத்தில் யாராவது வால்வுக்குப் பக்கத்தில் பைபாஸ் பைப் போட்டுவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அலாரம் அடித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓட வேண்டும் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண ஃபேனுக்கு அதைச் செய்யாதீர்கள். கேஸ் தரையில் இருக்கிறது, ஃபேன் கூரையருகே இருக்கிறது, அதன் சுவிட்சும் மோட்டாரும் பொறி விடும். தரை மட்டத்தில் ஜாலி வைத்து வெளிக்காற்று ஓட விடுவதுதான் மேல். டைல்ஸ்காரர் அழகுக்காக அந்த ஜாலியை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹூட்டர் சமையலறையில் ஒன்று, மேசையருகே ஒன்று. பக்கத்தில் தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள்: சத்தம் கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வாருங்கள். அந்தச் சத்தம் எதற்கென்று முதல் நாள் வந்து இறங்கியவருக்குத் தெரியாது. கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. அதையும் எழுதுங்கள்.

மாட்டி முடித்ததும் லைட்டரைத் திறந்து சென்சாரில் காட்டிச் சோதிப்பார்கள், விடாதீர்கள். லைட்டரில் இருப்பது பியூட்டேன், அளவுக்கு மீறிப் பட்டு மணி பாழாகும். அளவு தெரிந்த ஸ்பான் கேஸ் சிறு சிலிண்டரில் வரும். 50 சதவீத எல்ஈஎல் கேஸைக் கொடுத்தால் 12 மில்லிஆம்ப் வர வேண்டும், ஹூட்டர் அடிக்க வேண்டும், வால்வு டப் என்று மூடும் சத்தம் காதில் விழ வேண்டும். உங்கள் அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே சோதனை, தேதியைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வைக்க வேண்டும்.

சிலிண்டர் பற்றியும் ஒன்று. உரிமம் இல்லாமல் 100 கிலோ எல்பிஜி வரைதான் வைத்திருக்கலாம். நாலு சிலிண்டர் 76 கிலோ, நிரம்பிய ஸ்பேர் ஒன்று சேர்த்தால் 95. அதற்கு மேல் அடுக்க வேண்டாம்.

இப்போதைக்கு, டைல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. இரண்டு சென்சார் இடத்திலும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் பெட்டி வைத்து, அங்கிருந்து மேசை வரை கேபிள் தாராளமாக நுழையும் ஒரு பைப்பைச் சுவரில் பதித்துவிடுங்கள். வால்வு வரும் வெளிச்சுவருக்கும் தனியாக ஒன்று. உள்ளே இழுகம்பி விட்டு வாயைத் துணியால் அடைத்து வையுங்கள், சிமென்ட் போகாது. சிலிண்டர் இருக்கும் இடம் திறந்தவெளியா, நாலு பக்கமும் சுவரா என்று எழுதவில்லையே. சுவர் என்றால் அங்கேயும் ஒரு சென்சார் வேண்டும், மூன்றாவது பைப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள்.