புது லிஃப்டர் போட்டும் டிக் டிக் சத்தம்

எஞ்சின்ல 16 லிஃப்டரும் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) மாத்தி 2 நாள்தான் ஆச்சு, காலையில சத்தம் வருதுன்னு திரும்பக் கழட்டாதீங்க. ஆயில் பிரஷர்ல வேலை செய்யிற ஹைட்ராலிக் லிஃப்டர்னா, உள்ளே காத்து நிக்கறதுதான் பெரும்பாலும் காரணம். பெட்டியிலேர்ந்து எடுத்து ஆயில்ல ஊற வைக்காம அப்படியே மாட்டியிருப்பாங்க.

தண்டையார்பேட்டை–ராயபுரம் ஓட்டத்துல, அதுவும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி ஐட்லிங்ல நின்னா, காத்து வெளியேறாது. ஐட்லிங்ல ஆயில் பிரஷர் குறைவு. ஆயில் லெவல் பார்த்துட்டு, மாதவரம் தாண்டி செங்குன்றம் வரைக்கும் ஒரு தடவை நல்லா சூடாகுற அளவுக்கு ஓட்டிட்டு வாங்க.

அப்பவும் போகலைன்னா:

1. சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்ல 2 நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க.
2. ஹெட் கவரைக் கழட்டி, கேம் மூக்கு (கேம் ஷாஃப்ட்ல லிஃப்டரை அழுத்துற துருத்தின பகுதி) மேலே பார்க்கிற மாதிரி கிராங்கைத் திருப்புங்க.
3. கேமுக்கு நேர்கீழே இருக்கிற லிஃப்டரை மரக்கட்டையால அழுத்துங்க. இரும்பு வேண்டாம், கீறல் விழும். அழுத்தினபடியே 0.2 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) கேமுக்கும் லிஃப்டருக்கும் நடுவுல நுழைஞ்சா அந்த ஒண்ணு மட்டும் போச்சு.

கேம் மூக்கையும் விரல் நகத்தால தடவிப் பாருங்க. பள்ளம் தட்டினா புது லிஃப்டரும் சீக்கிரம் தேயும்.

ஒண்ணை மாத்தினாலும் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விடணும். லிஃப்டர் உயர்ந்து நிக்கிறப்ப வால்வு பிஸ்டன்ல இடிச்சா செலவு வேற லெவல். ஆயில் லைட் எரிஞ்சா இதையெல்லாம் விட்டுட்டு முதல்ல பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க.