விக்டோரியா மண்ணில் தங்கம் தேடுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வண்டி ஓட்டினால் மேரிபரோ, டன்னோலி, மோலியாகல் என்று பழைய தங்க வயல் ஊர்கள் வரிசையாக வரும். பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் அந்தக் காடுகளிலும் ஓடைகளிலும் மண்ணை அலசும் தட்டும், உலோகம் காட்டும் டிடெக்டருமாக அலைகிறேன். நம் மக்களில் பலர் இதைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, காட்டுக்குள் போய் யார் வேண்டுமானாலும் தோண்டலாமா? போலீஸ் பிடிக்காதா? (டார்னீட்டிலிருந்து ஒரு தம்பி)

தம்பி, விக்டோரியாவில் இதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். முப்பது டாலருக்குள் முடிந்துவிடும், பத்து வருடம் செல்லும், இணையத்திலேயே வாங்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி உள்ள அரசு நிலத்தில் தேடினால், கிடைக்கிற தங்கம் உங்களுடையது.

இந்தச் சீட்டின் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1850களின் தொடக்கத்தில் தோண்டுகிறவர்கள், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பல்லாரட்டில் உரிமங்களைத் தீயிலிட்டு எதிர்த்தார்கள். 1854 டிசம்பர் 3 அன்று விடியற்காலையில் அரசுப் படை வந்து, அவர்கள் அமைத்திருந்த யுரேகா என்ற அரணைத் தாக்கியது, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். மறு வருடமே மாதக் கட்டணம் ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று மைனர்ஸ் ரைட் வந்தது, அதோடு ஓட்டுரிமையும் வந்தது. நம் பர்சில் இருக்கும் சீட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

எங்கே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் கூடாது. சில பூங்காக்களில் மட்டும் எல்லை குறித்து அனுமதித்திருக்கிறார்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும். சில ஆறுகளும் ஓடைகளும் முழுவதுமாகத் தடை. பழங்குடி மக்களின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. மண்வெட்டி, கொத்து போன்ற கைக்கருவிகள்தான். ஆற்றடியை உறிஞ்சி எடுக்கும் மோட்டார் இயந்திரத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அரசின் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

எட்டாயிரம் டாலர் டிடெக்டர் வாங்கலாமென்று இருக்கிறேன். எந்த மாடல் நல்லது?

இப்போது வாங்காதீர்கள். முதலில் இருபது டாலர் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி ஆறு மாதம் ஓடையில் உட்காருங்கள். தங்கம் எங்கே தங்கும், எங்கே தங்காது என்று தட்டுதான் சொல்லிக் கொடுக்கும். டிடெக்டர் 'இங்கே உலோகம் இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். அது ஆணியா, ஈயக் குண்டா, தங்கமா என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். ஈயமும் தங்கமும் ஒரே குரலில்தான் கூப்பிடும்.

ஆசை விடவில்லையென்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்து மண்ணில் இரும்புச் சத்து மிக அதிகம். சாதாரண வகை டிடெக்டர்கள் மண்ணின் சத்தத்திலேயே திணறிவிடும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை அந்தச் சத்தத்தைத் தாண்டி ஆழத்தில் கேட்கும், அதனால்தான் அந்த விலை. அதற்காக விலை குறைந்த கருவி வீண் என்று சொல்ல மாட்டேன். 2023இல் ஒருவர் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற நடுத்தர விலைக் கருவியோடு இந்த வயல்களில் 4.6 கிலோ கல் ஒன்றை எடுத்தார். அதற்குள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. உங்கள் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். கருவியை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு, இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தட்டில் அலசும்போது தங்கமும் மண்ணோடு போய்விடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. சரியான முறை என்ன? (ஒரு அக்கா, பெண்டிகோ)

உங்கள் அம்மா அரிசியில் கல் அரித்ததைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் அரிசியை ஆட்டி ஆட்டி மேலே வருவதை வேறு பாத்திரத்துக்குத் தள்ளுவார்கள், கல் அடியில் நின்றுவிடும். அதே வேலைதான். எனக்கு இந்தக் கை அங்கிருந்துதான் வந்தது. கோயம்புத்தூரில் நகைப் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அலசித் தங்கத்தூள் எடுப்பவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மணிக்கட்டு ஆடுவதை இங்கே எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்க்கவில்லை.

தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம். வெள்ளைக் குவார்ட்ஸ் மணல் இரண்டரை மடங்கு சொச்சம், இரும்புக் கருமணல் ஐந்து மடங்கு. இந்த வித்தியாசம் உங்கள் பக்கம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். தட்டில் முக்கால் அளவு சரளை போட்டு முழுவதும் தண்ணீருக்குள் அமுக்குங்கள். களிமண் கட்டிகளை விரலால் பிசைந்து கரையுங்கள். இதை அவசரமாகச் செய்தால் தங்கம் களிமண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும், பலர் இழப்பது இங்கேதான். பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள். அப்புறம் தட்டைச் சமமாகப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். கனமானது கீழே இறங்க நேரம் கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் தட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் வரிப்பள்ளங்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தட்டைச் சாய்த்து, மேல்மணலைத் தண்ணீர் மெல்ல எடுத்துப் போக விட வேண்டும். நாலு முறை வழித்ததும் மறுபடி சமமாக்கி ஆட்டுங்கள்.

கடைசியில் ஒரு கரண்டி கருமணல் நிற்கும். அரை டம்ளர் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றினால் கருமணல் விசிறி போல விரிந்து, அதன் வாலில் மஞ்சள் புள்ளி தெரியும். முதல் புள்ளி கண்ணில் பட்டதும் கை நடுங்கும். எனக்கு இன்னும் நடுங்குகிறது.

பயம் போக வேண்டுமானால் வீட்டில் பழகுங்கள். பத்து ஈயக் குண்டுகளைத் தட்டித் தட்டையாக்கி, எண்ணி, மண்ணில் கலந்து ஒரு தொட்டியில் அலசுங்கள். பத்தும் திரும்பி வருகிற வரை ஓடைக்குப் போகாதீர்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஓடையில் எங்கே அள்ளுவது?

தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் கனமானது விழும். வளைவின் உட்கரை, பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள். வெடிப்புகளைக் கம்பியால் கீறி, ஒரு சிட்டிகை மண்ணையும் விடாமல் எடுங்கள். கரையோரப் புல்லின் வேர்ப்பிடியையும் தண்ணீருக்குள் உதறிப் பாருங்கள். மேலாக இருக்கும் அழகான மணலை அள்ளி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பளபளவென்று நிறைய கிடைத்தது. தங்கமா?

நிறைய கிடைத்தது என்றாலே பெரும்பாலும் இல்லை. தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். மைக்கா, பைரைட் என்ற மினுக்கும் கனிமங்கள் வெயிலில் சாய்க்கும்போது மின்னி, நிழலில் மங்கிவிடும். தங்கம் இரண்டு இடத்திலும் ஒரே மஞ்சள்தான். ஊசியால் குத்தினால் மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், பைரைட் நொறுங்கும், தங்கம் அமுங்கிக் கொடுக்கும்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களே, இனி நமக்கு என்ன இருக்கும்?

நானும் முதலில் இதையேதான் கேட்டேன். 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகலில் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்று பேர் பெற்ற தங்கக் கட்டி கிடைத்தது. ஒரு மரத்தின் வேரடியில், தரையிலிருந்து வெறும் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது. டன்னோலியில் அதை நிறுக்கிற அளவுக்குத் தராசு இல்லாமல் பட்டறைக் கல்லில் வைத்துத் துண்டாக்கினார்கள். அதிலிருந்து எடுத்த தங்கமே 70 கிலோவுக்கு மேல். அந்தப் பகுதி முழுக்க மனிதர்கள் நடமாடிக்கொண்டிருந்தபோதும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது.

அதற்கும் நூறு வருடம் கழித்து, 1980இல், கிங்கோவர் பக்கத்தில் ஒருவர் டிடெக்டரோடு போய் 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை எடுத்தார். 27 கிலோ, ஆழம் ஒரு அடி. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்தும் கையால் தோண்டியும்தான் தேடினார்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே தோண்டாமல் விட்ட ஒரு முழ நிலம், குழியிலிருந்து அள்ளிப் போட்ட மேடு, தண்ணீர் இல்லாததால் கழுவாமல் விட்ட மண், இவை எல்லாம் நமக்கு மிச்சம். வெள்ளைக் குவார்ட்ஸ் சில்லுகளும் சிவந்த இரும்புக் கற்களும் கலந்து கிடக்கும் சரிவைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் குனிந்தபடியே நடந்து பாருங்கள், கழுவிவிட்ட மண்ணில் சின்னச் சின்ன மணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

செம்மண்ணில் ஒரு கல் கிடைத்தது, அளவுக்கு மீறிய கனம். உடைத்துப் பார்க்கலாமா?

உடைக்காதீர்கள்! 2015இல் மேரிபரோ பூங்காவில் ஒருவருக்கு 17 கிலோ கல் கிடைத்தது. உள்ளே தங்கம் இருக்குமென்று ரம்பம், டிரில், அமிலம் எல்லாம் போட்டுப் பார்த்தார், பிளக்கவில்லை. பின்னால் மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அது 460 கோடி வருட வயதுள்ள விண்கல். காந்தம் ஒட்டுகிறதா, மேல்தோல் உருகிக் குழிவிழுந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் உங்கள் கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும். இந்தக் காடுகளில் மூடாத பழைய சுரங்கக் குழிகள் ஏராளம். முதல் வருடத்தில் ஒருநாள் ஹெட்போன் சத்தத்தையே கேட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். என் குதிகாலிலிருந்து இரண்டடி தூரத்தில் ஒரு குழி. கல்லைப் போட்டேன், விழுந்த சத்தம் வர நேரமானது. அன்றிலிருந்து பின்னால் அடி வைப்பதே இல்லை, இருட்டிய பிறகு காட்டில் இருப்பதும் இல்லை.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது. தங்கப் பாறையை அரைத்த பழைய ஆலைகளின் கழிவு மணல் மேடுகளில் ஆர்செனிக் இருக்கும். அங்கே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், அந்த மணலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தட்டில் வெள்ளி மாதிரி உருளும் துளி வந்தால் அது அந்தக் காலத்தில் தங்கம் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசம். கையால் தொடாமல் மூடிய புட்டியில் போடுங்கள். பாதரசம் ஒட்டிய தங்கத்தை அடுப்பில் காய்ச்சவே கூடாது, அந்த ஆவி நஞ்சு.

அக்கா, எங்கட அப்பா இலங்கையில், இரத்தினபுரியில் கல்லுக் குழியில் வேலை செய்தவர். இங்கே நீலக்கல் தேட ஏலுமா?

தாராளமாக. அப்பாவுக்குத் தெரிந்த, கல் கிடக்கும் 'இல்லம்' சரளைதான் இங்கேயும். குயின்ஸ்லாந்தில் அனாக்கி, ரூபிவேல், சஃபையர் என்ற ஊர்களில் அதை 'வாஷ்' என்பார்கள். அங்கே தனி உரிமம் எடுக்க வேண்டும், விக்டோரியாச் சீட்டு செல்லாது. சல்லடையைத் தண்ணீரில் மேலும் கீழும் குலுக்கி, ஒரே வீச்சில் சாக்கின் மேல் கவிழ்த்தால், அடியில் நடுவில் சேர்ந்த கனமான கற்கள் இப்போது மேலே நடுவில் இருக்கும். நீலக்கல் அங்கேதான். அப்பா உடலால் முடிந்தவரென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கண்ணுக்கு முன்னால் நம் கண் நிற்காது.

இலங்கையில் போய்ப் பொழுதுபோக்காகத் தோண்ட நினைக்காதீர்கள். கல் எடுக்க அங்கே உரிமம் வேண்டும், தொல்லிடங்களில் தோண்டுவது குற்றம்.

தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். ஊருக்குப் போகும்போது டிடெக்டர் கொண்டுபோகலாமா? எங்கள் கிராமத்தில் புதையல் இருப்பதாகவும் சொல்கிறார்கள்.

வேண்டாம். கோலாரின் தங்கம் பாறைக்குள் பொடியாகக் கலந்தது, மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்துக்கு இறங்கி எடுத்தார்கள். 2001இல் மூடிவிட்டார்கள். மேலே நிற்பது சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த மண்மேடு, அதைக் கிளறக் கூடாது. இந்தியாவில் உரிமமில்லாமல் தங்கம் தேடவும் சட்டம் இடம் தரவில்லை.

புதையலுக்கு 1878ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. பூஜை செய்து புதையல் எடுத்துத் தருகிறேன் என்பவரும், இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் என்று வருபவரும் உங்கள் பணத்துக்குத்தான் வருகிறார்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டை விற்றது.

இதுவரை எவ்வளவு எடுத்தீர்கள்?

பன்னிரண்டு வருடத்தில் 41 கிராம். பெட்ரோல் செலவுக்குக் காணாது. விற்கவில்லை, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

தோண்டிய குழியை மூட வேண்டுமா? காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மூடியே ஆக வேண்டும், அது சட்டமும்கூட. கங்காரு கால் சிக்கி ஒடிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மண்ணைத் தள்ளி, மிதித்து, மேலே சருகைப் பரப்புங்கள். தோண்டி எடுத்த ஆணி, தகரம், தோட்டாக் கூடு எல்லாவற்றையும் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். திரும்ப அங்கேயே போட்டால் அடுத்து வருகிறவர் அதே ஆணியைத் தோண்டுவார்.

அடுத்த முறை போகும்போது நாங்களும் வரலாமா அக்கா?

வாருங்கள். கோடையில் நான் போவதில்லை, காட்டுத்தீ பயமும் பாம்பும் அதிகம். மே தொடங்கி செப்டம்பர் வரை நல்ல காலம். மைனர்ஸ் ரைட்டைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். கணுக்கால் மூடும் பூட்ஸ், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், பாம்புக்கடிக்கு அழுத்தமாகச் சுற்றும் பட்டை, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்படி போனில் இறக்கிய வரைபடம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தட்டு என்னிடம் மூன்று இருக்கிறது. மதியத்துக்குப் புளிசாதம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.