ரெட்வுட் சிட்டி மலைப்பாதையும் ஜெர்ரி ரைஸும்

அன்புள்ள தம்பிக்கு,

சன்னிவேலில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், திங்கட்கிழமை மதிய உணவின்போது எல்லோரும் அமெரிக்க ஃபுட்பால் பற்றிப் பேசுகையில் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருப்பதாகவும், உங்கள் மேலாளர் ஒருவரை ‘ஜெர்ரி ரைஸ் மாதிரி உழைக்கிறார்’ என்று பாராட்டியபோது அவர் யாரென்று கேட்கக் கூச்சப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். அதையும் அந்த மனிதரிலிருந்தே தொடங்குங்கள்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்; அவர் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். எத்தனை அடி ஓடி எங்கே திரும்புவது என்று இருவரும் முன்கூட்டியே பழகி வைத்திருப்பார்கள். பல நேரங்களில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஓர் அடி பிசகினாலும் பந்து எதிரணிக்காரர் கைக்குப் போய்விடலாம். ரைஸ் ஒரு ரிசீவர்.

அவர் 1962-இல் பிறந்து, மிசிசிப்பி மாநிலத்தின் கிராஃபோர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை கொத்தனார். கோடை விடுமுறையில் தந்தையுடன் வேலைக்குப் போவார். சகோதரர்கள் கீழிருந்து எறியும் செங்கற்களைச் சாரத்தின் மேல் நின்று பிடிப்பார். நம் ஊரில் வீடு கட்டும் இடத்தில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கல்லின் வேகத்தோடு கையும் சற்றுப் பின்வாங்கி அதை வாங்கிக்கொள்ளும். தம் கைகள் அங்கேதான் பழகின என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பெரிய கல்லூரிகள் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடினார். மின்னல் வேகக்காரர் என்ற பெயரும் அவருக்கு இல்லை. 1985-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, வேறு இரண்டு ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொண்ட பிறகு, 16-ஆவது இடத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் ஆண்டில் கைக்கு வந்த பந்துகளையே தவறவிட்டார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். நான் இங்கு வந்த புதிதில் என்னோடு பணியாற்றிய ஒரு மூத்தவர், அன்று கூச்சலிட்டவர்களில் தானும் ஒருவர் என்று என்னிடம் சொல்லும்போது, பல ஆண்டுகள் கழிந்தும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அவர்தான் என்னை எட்ஜ்வுட் பூங்காவுக்கு அழைத்துப் போனார். சான் கார்லோஸுக்கும் ரெட்வுட் சிட்டிக்கும் இடையே, என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று அணியின் பயிற்சித் திடலும் ரெட்வுட் சிட்டியில்தான் இருந்தது. சக வீரர் ரோஜர் கிரெய்கோடு ரைஸ் இந்த மலைப்பாதையில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஏற்றத்தை ஓடுவார்; அதுவும் பருவம் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாதங்களில். முதன்முறை நான் நடந்தே ஏறியபோது, ஓக் மரநிழல் முடிந்து வெயில் தொடங்கும் வளைவில், முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டேன். அந்த இடத்தில்தான், ஒருவர் இதை ஆண்டுதோறும் ஓடினார் என்பதன் பொருள் எனக்கு உறைத்தது.

பயிற்சியில் அருகிலேயே எறியப்பட்ட பந்தைப் பிடித்தாலும், ஆட்டத்தில் ஓடுவது போலவே கடைசிக் கோடு வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார். சூப்பர் பௌல் என்னும் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் மூன்று வெற்றிகளும், பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பெறும் டச்டவுன்கள் 208-உம் பிறகு வந்தன. இருபது பருவங்களில் பந்தைப் பிடித்து அவர் கடந்த தொலைவு 22,895 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் அதற்கு ஐயாயிரம் கெஜத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறார். நாற்பது வயதான 2002-ஆம் ஆண்டுப் பருவத்திலும், ஓக்லாந்து அணிக்காக ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 1997-இல் முழங்கால் தசைநார் அறுந்தபின், பதினைந்தே வாரங்களில், டிசம்பரில், களத்துக்குத் திரும்பி, டச்டவுன் அடித்த அதே ஆட்டத்தில் முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். அதைத் துணிவு என்று இங்கே பலர் புகழ்வார்கள். அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மேலாளர் அவரை உதாரணம் காட்டும்போது, அந்த டிசம்பர் மாதத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலையில் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதாக நீங்கள் எழுதியிருந்ததால்தான் சொல்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முதல் ஆட்டம் காலை பத்து மணிக்கே தொடங்கிவிடும். விதிகளை என் மகள் உங்களுக்கு விளக்குவாள். பந்து எறியப்படும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தில் நிற்கும் ரிசீவரின் பாதங்களைப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் எட்ஜ்வுட் போகலாம். நல்ல காலணியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
அக்கா